அக்கா பூட்டிய கிணறு

பிள்ளையாரப்பன் துணை நிற்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஐந்து வருடமாகத் தொடங்கித் தொடங்கிக் கைவிட்ட எழுத்து இது.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலர் அச்சடித்தபோதே இது அதில் வந்திருக்க வேண்டும். அச்சகக்காரர் இரண்டு தரம் வீடு தேடி வந்தார். "தம்பியாரின்ரை நினைவுரைக்கு ஒரு பக்கம் விட்டு வைச்சிருக்கிறம், எப்ப தருவியள்?" என்று கேட்டார். எனக்கு எழுத வராது என்று சொல்லி, அந்தப் பக்கத்துக்குப் பிள்ளையார் படம் ஒன்றைப் போடச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு மண்வெட்டி எடுத்தவன் நான், ஆகையால் எழுத வராது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி பயம்.

பிறகு வருடா வருடம் வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன்னால் ஒரு கொப்பி வாங்குவேன். இரண்டு பக்கம் போகும். வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போடுவேன். போன மாசியில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். அறுபத்தெட்டு வயதில் சாவுக்குப் பயப்பட என்ன இருக்கிறது. நான் போய்விட்டால் அக்காவின் பெயர் ஊரில் இப்போது இருக்கிறபடியே இருந்துவிடும் என்பதற்குத்தான் பயந்தேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். 'ஊருக்குத் தண்ணி குடுத்த கிணத்தைச் சாதி பாத்துப் பூட்டின மனுசி' என்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சிலருக்கு இது தெரியாது. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், என் முகத்துக்கு முன் சொல்வதில்லை. அது பொய் என்பது உயிரோடு இருக்கும் ஆட்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஊரை அறியாதவர்களும் இந்த ஐந்தாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் எடுப்பீர்கள். ஆனபடியால் ஊரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மாவடிச் சந்தை யாழ்ப்பாணத்து உடுவிலில் இருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். இரண்டு தெரு வந்து கூடும் இடம். கடல் இல்லை, அரசாங்கக் கந்தோர் இல்லை, பெயர்போன கோயிலும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பட்டினம் உண்டானதற்குக் காரணம் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிவர இருந்த கிணறுகள் எல்லாம் உப்புச் சவர் அடித்தன. புகையிலை ஏற்றி வரும் வண்டில்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட எங்கள் சந்தியில்தான் நிற்பார்கள். நின்ற வண்டிலைத் தேடி வியாபாரி வந்தான். வியாபாரியைத் தேடித் தேத்தண்ணிக் கடை வந்தது. பிறகு சுருட்டுக் கொட்டில், வெங்காயக் கடை, வாழைக்குலை ஏற்றும் லொறி, கூட்டுறவுக் கடை, தபால் பெட்டி. எங்கள் ஐயா சொல்லுவார், "மற்ற ஊரிலை சந்தைக்குக் கிணறு வெட்டுவினம், இஞ்சை கிணத்துக்குச் சந்தை வெட்டினது" என்று.

அந்தக் கிணறு எங்கள் அம்மாவின் சீதன வளவில் இருந்தது. அக்கா அந்த வளவில்தான் பிறந்தார், நான் அவருக்கு ஏழு வயது இளையவன். எங்கள் வழக்கப்படி வளவும் கிணறும் அக்காவுக்குச் சீதனமாகப் போயின. அதை ஒட்டித் தெருவோரமாக இருந்த இரண்டு பரப்புக் காணி எனக்கு வந்தது. கிணற்றுக்கும் என் எல்லை வேலிக்கும் இடையே முப்பது எட்டு வைத்து நடக்கும் தூரம் இருக்கும். இந்த முப்பது எட்டை நினைவில் வைத்திருங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அம்மாவின் காலத்தில் அந்தக் கிணற்றில் எல்லாரும் அள்ளவில்லை. சில குடும்பத்தவர்கள் வேலிவாசல் படலைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். எங்கள் வீட்டு ஆள் அள்ளிக்கொண்டு போய் ஊற்ற வேண்டும். அந்த நாளில் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

யுத்த காலத்துப் பெரிய இடப்பெயர்வில் ஊர் முழுதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது. போன இடத்தில் அத்தான் காய்ச்சலில் மோசம் போனார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்தபோது கடைகளுக்குக் கூரை இல்லை, சந்தைக் கட்டிடத்துக்குப் பாதிச் சுவர். கிணறு மட்டும் கிடந்தது. வந்த மூன்றாம் நாள் அக்கா படலையைக் கழற்றிக் கொத்தி அடுப்பில் வைத்தார். அந்த விறகில்தான் அவருடைய தேத்தண்ணிக் கடையின் முதல் கேத்தல் கொதித்தது. அன்றிலிருந்து யாரும் வந்தார்கள், யாரும் அள்ளினார்கள். அக்காவைப் புகழ்ந்தால், "விறகு கிடையாமல்தான் எரிச்சனான், உதுக்கேன் மேளம் அடிக்கிறியள்" என்பார்.

பிறகு கொழும்புக்குப் பாதை திறந்தது. கொழும்பு லொறி வந்தது. வங்கி வந்தது, லீசிங் கொம்பனி வந்தது, கைத்தொலைபேசிக் கடை வந்தது. பக்கத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் படிக்கும் பிள்ளைகள்கூட மோட்டார் சைக்கிளில் வந்து அக்காவின் பால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் ருசிதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா மாத்திரம், "தண்ணி பாதி, என்ரை கை பாதி" என்று சிரிப்பார்.

எனக்கும் ஆசை வந்தது. தோட்டக் காணியில் பாதியை விற்று, தெருவோரக் காணியில் ஆறு கடை கட்டினேன். பின்பக்கம் மலசலகூடம் மூன்று. அதற்குக் குழி வெட்டச் சின்னராசா என்ற கல்லுடைக்கும் மனிதரைப் பிடித்தேன். எங்கள் நிலம் தெரியும்தானே, இரண்டு முழம் செம்மண், அதன் கீழ் எல்லாம் கல். நாலாம் நாள் அவருடைய கடப்பாரை அலவாங்கு ஓரிடத்தில் வழுக்கி உள்ளே போனது. போன ஓட்டையால் குளிர்காற்று வந்தது. நான் குனிந்து முகத்தில் பட்ட காற்றை அனுபவித்தேன்.

"முதலாளி, உங்களுக்கு அதிட்டம்," என்றார் சின்னராசா. "உள்ளுக்கை பொந்து கிடக்கு. உந்தக் குழி உங்கடை பேரப்பிள்ளையள் காலத்திலையும் நிரம்பாது."

நான் அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தேன். சந்தையில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டிடக்காரன் பெருமைப்படும் விசயம் அது. வன்பொருள் கடைக்காரர், "என்ரை குழியை உறிஞ்சி எடுக்க வருசத்திலை ரெண்டு தரம் பவுசர் லொறி பிடிக்க வேண்டிக்கிடக்கு, நீர் குடுத்து வைச்சனீர்" என்று பெருமூச்சு விட்டார். அக்கா கேத்தலைத் தூக்கிக்கொண்டே, "அப்ப குழிக்கும் ஒரு பொன்னாடை போத்து" என்றார். எல்லாரும் சிரித்தோம். நிரம்பாத குழியில் விழுவது எங்கே போகிறது என்று அங்கே நின்ற ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருட மாரி பிந்தி வந்தது, வந்தபின் விடவில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு சந்தையில் வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் கொத்துரொட்டிக் கடையைச் சொன்னார்கள். பிறகு இலையான் மொய்த்ததால் என்றார்கள். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வந்து, மாரியில் வழமையாகச் செய்வதுபோலக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டு, கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் கடைக்கு முன்னால் மரக்கறி விற்பவர் பூமணி. அவருடைய தாயார் எங்கள் படலைக்கு வெளியே குடத்தோடு நின்றவர்களில் ஒருவர். பூமணியின் கடைசிப் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. தாயோடு சந்தைக்கு வந்து, பகல் முழுதும் அக்காவின் கடையில்தான் இருக்கும். வாளியில் கைவிட்டு அள்ளிக் குடிக்கும். அந்தப் பிள்ளை ஒருநாள் கண் செருகி விழுந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றியிருக்கு, பேச்சில்லை என்று சேதி வந்தது.

அன்று பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். கடையில் ஆள் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்தார்.

"மணந்து பார்."

"குளோரின் மணக்குது. பி.எச்.ஐ. போட்டதுதானே."

"அது போட முந்தியே எனக்கு ஒரு மணம் வந்தது. சவர்க்காரம் மாதிரி."

"உங்களுக்கு மூக்கிலை பீனிசம், அக்கா."

"ஓம், எனக்குப் பீனிசம். உன்ரை கக்கூசுக் குழி நிரம்பிட்டுதே?"

"அது நிரம்பாது."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த அலவாங்கு ஓட்டையும் முகத்தில் பட்ட குளிர்காற்றும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் வாய் வேறு கதைத்தது. முப்பது எட்டு இருக்கு, கல்லுக்குள்ளாலை எப்படி வரும் என்றேன்.

"வாயாலை கதைச்சு என்ன," என்றார் அக்கா. "ஒரு போத்தல் பினாயில் வாங்கி உன்ரை கக்கூசிலை ஊத்து. பினாயில் மணத்துக்கு ஒருத்தரும் குளோரின் எண்டு சொல்லேலாது. பாப்பம்."

ஊற்றினேன். ஒன்றல்ல, இரண்டு போத்தல். அன்று தொடக்கம் அக்கா கடைக்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளவில்லை. உடுவிலுக்கு ஆள் அனுப்பிப் பிளாஸ்டிக் கானில் எடுப்பித்தார். அள்ள வந்தவர்களிடம் கப்பி உடைந்துவிட்டது என்று சொல்லிக் கயிற்றைக் கழற்றி வைத்தார். நான் இரண்டு நாளும் பிள்ளையார் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்றால், அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று முதலாவதாகக் கேட்கவில்லை. மணம் வரக்கூடாது என்றுதான் முதலாவதாகக் கேட்டேன். பிள்ளையை இரண்டாவதாகக் கேட்டேன். சுவாமிக்குத் தெரிந்ததை உங்களுக்கு மறைத்து என்ன பயன்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா கயிற்றைப் போட்டு ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக்கட்டில் வைத்தார். குனியவே தேவையில்லை. தண்ணீர் பளிங்குபோல இருந்தது, பினாயில் மணம் மூக்கில் அடித்தது.

அக்கா அழவில்லை, ஏசவும் இல்லை. வாளித் தண்ணீரைத் தூரத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து சொன்னார்: "நிரம்பாத குழி எங்கை போகுது எண்டு நீயும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. பொன்னாடை போத்தச் சொன்னவள் நான்."

"அக்கா, வெளியிலை தெரிஞ்சால்..." என்று தொடங்கினேன்.

மிச்சத்தைச் சொல்ல வேண்டி இருக்கவில்லை. என் ஒரே மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அந்த ஆறு கடையும்தான் அவளுக்கு எழுதின சீதனம். கலியாணப் பதிவு எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் ஒன்பது நாள் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளை நோயில் விழுத்திய கட்டிடம் என்று ஒரு பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் படி ஏற மாட்டார்கள்.

அக்கா கிணற்றுக்கட்டில் கை வைத்தார். "நான் கிணத்தைப் பூட்டுறன். நீ குழியை மூடு. அடி மூடின தொட்டி கட்டி, நிரம்ப நிரம்ப பவுசருக்குச் சொல்லு. பெட்டைச்சி வாழட்டும். ஆனால் தம்பி, நீ குழி மூடாமல் விட்டியெண்டால் நானே சந்தையிலை நிண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகு நீ எனக்குத் தம்பி இல்லை."

அன்று பின்னேரமே இரும்புக் கம்பியில் ஒரு மூடி ஒட்டுவித்து, கிணற்றின் வாயை மூடி, ஆமைப் பூட்டு ஒன்று போட்டார். எரித்த படலை இருந்த இடத்தில் தகரப் படலை ஒன்றும் வைத்தார். அவர் பூட்டிக்கொண்டு நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் இருந்து உடுப்பு எடுக்க வந்த பூமணி வெறும் வாளியோடு வந்து நின்றார். பத்துப் பதினைந்து சந்தை ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்னக்கா, பூட்டு?"

"தண்ணி சரியில்லைப் பிள்ளை. மாரித் தண்ணி உள்ளுக்கை இறங்கிப் போச்சு. இனி ஒருத்தரும் குடிக்க வேண்டாம்."

"நேற்று வரைக்கும் இளநி மாதிரி இருந்த தண்ணி. என்ரை பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்க, இண்டைக்குச் சரியில்லாமல் போச்சோ?"

அக்கா பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"எங்கடை நோய் வருத்தம் உங்கடை கிணத்திலை ஒட்டிப்போடும் எண்டு பயமோ? சொல்லுங்கோவன். உங்கடை அம்மா காலத்திலை என்ரை அம்மா இந்தப் படலைக்கு வெளியிலைதான் நிண்டவ. உங்களை நாங்கள் வேறை ஆள் எண்டு நினைச்சம். படலை திரும்ப முளைச்சிட்டுது."

கூட்டத்தில் ஒருவர், "தண்ணிப் போத்தில்காரன் ஏதும் குடுத்திருப்பான்" என்றார். இன்னொருவர், "சீதனக் கிணறு, அவ பூட்டுவா திறப்பா" என்றார். நான் தெருவுக்கு அந்தப் பக்கம், என் கடைகளுக்கு எதிர்த்தாற்போல, ஆறு கடையின் பூட்டுத் திறப்புக் கோர்வையும் கையுமாக நின்றேன். அக்கா ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்ததுபோல இருந்தது. தெருவைக் கடக்கப் பதினைந்து அடி. நான் கடக்கவில்லை.

பூமணியின் பிள்ளை எட்டாம் நாள் கண் திறந்து, பாண் கேட்டது. சேதி கேட்டுப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். உடைத்ததற்குக் காரணம் மகளின் கலியாணம் என்று ஊர் நினைத்தது, நான் திருத்தவில்லை.

குழியை நான் மூடியது எழுத்து முடிந்த அன்று. ஒன்பது நாள் தாமதித்தேன். அதற்குமுன் மூடினால் கடைக்காரர் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம். அந்த ஒன்பது நாளும் அக்கா மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய், "இந்த வருச மாரி பிழை, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்று சொல்லித் திரிந்தார். தன் கிணற்றைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புத்தி சொல்ல வந்திட்டா என்று சில வீட்டில் படலை திறக்கவில்லை. ஒன்பதாம் நாள், மணமேடைக்குப் பின்னால், அக்கா என் காதுக்குள் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு மூடுறியோ, நான் சொல்லட்டோ?" நாளைக்கு வரை நான் நிற்கவில்லை. அன்று பொழுதுபடுமுன் சின்னராசாவைக் கூட்டிவந்து குழியைக் கல்லாலும் சீமெந்தாலும் அடைப்பித்தேன். "நல்ல குழியை ஏன் முதலாளி பாழாக்கிறியள்" என்று அவர் கவலைப்பட்டார்.

அதற்குப் பிறகு பட்டினம் நின்றுவிடவில்லை. பவுசர் தண்ணீர் வந்தது, நீலத் தாங்கி வந்தது, வடிகட்டிய நீர் விற்கும் கடை இரண்டு வந்தது. அக்காவின் கடைதான் நின்றது. தேத்தண்ணியின் ருசி போய்விட்டதென்று சிலர் வராமல் விட்டார்கள், கோபத்தில் பலர் வராமல் விட்டார்கள். மூன்று மாதத்தில் கடையை மூடி, மிளகாய் வறுத்துத் தூள் இடித்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்குக் கொடுத்துச் சீவித்தார். வெளிநாட்டில் அந்தத் தூளில் கறி வைத்துச் சாப்பிட்டவர்கள் இந்த மலரைப் பெறுவோரிலும் உண்டு.

நான் எத்தனையோ தரம், "இப்ப சொல்லுவமே அக்கா, கலியாணம் முடிஞ்சுதுதானே" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேனே தவிர, அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று தெரிந்துதான் கேட்டேன். முதலில் பயம் இருந்தது, பயம் போனபின் வெட்கம் வந்து அந்த இடத்தில் இருந்தது.

அக்கா விரதம் தவறாதவர். வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடியில் ஒரு விளக்கு வைப்பார். பூட்டின கிணற்றுக்கு விளக்கு ஏன் என்று கேட்டவர்களுக்குச் சிரிப்புத்தான் பதில். கடைசி மாதம் கால் வீங்கிப் படுக்கையில் இருந்தபோது என்னிடம், "பூட்டுக்கு எண்ணெய் விடு. துருப்பிடிச்சால் பிறகு திறக்கேலாது" என்றார். அதுதான் அவர் என்னிடம் விளங்கச் சொன்ன கடைசிப் பேச்சு. ஒரு வைகாசிக் காலையில் தேவாரம் கேட்டுக்கொண்டே அடங்கிவிட்டார்.

செத்தவீட்டுக்குச் சந்தை ஆட்கள் வரவில்லை. தெருவோரம் மரக்கறி விரித்தபடியே இருந்தார்கள், பாடை போகும்போது எழும்பி நின்றார்கள். பூமணி எழும்பவில்லை.

அந்தியேட்டி முடிந்தபின் அக்காவின் சுவாமிப் படத்தைத் துடைக்க எடுத்தேன். பின்னால் கிணற்றுப் பூட்டின் திறப்பும் ஆறு கடதாசியும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்துக் கடதாசி. பூட்டிய வருடம் ஒன்று, பிறகு ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் ஒவ்வொன்று. அக்கா வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறியது கண் காட்ட அல்ல, போத்தலில் தண்ணீர் கொண்டுபோகத்தான். ஆறிலும் குடிப்பதற்கு உகந்ததல்ல என்றே இருந்தது. முதல் கடதாசியைச் சந்தையில் நீட்டியிருந்தால் அவர் பெயர் அன்றே தப்பியிருக்கும். நீட்டியிருந்தால் ஏன் உகந்ததல்ல என்று தேடிக்கொண்டு என் பின்வளவுக்கு வந்திருப்பார்கள்.

இந்த வருட மாரிக்குப் பின் நானும் ஒரு போத்தல் கொண்டுபோனேன். இன்னும் சரியில்லை. என் குழி அடைத்துப் பதினொரு வருடம். இப்போது பட்டினத்தில் நூறு கட்டிடம், நூறு குழி. எத்தனை குழி நிரம்பாமல் இருக்கின்றனவோ, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மலரை வாசிக்கிற எங்கள் ஆட்கள் யாருக்காவது நிரம்பாத குழி இருந்தால், அதைப் பெருமையாக நினைக்காமல் ஒருதரம் திறந்து பாருங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. முதலாவது மகளும் மருமகனும். மகள் கேட்டுவிட்டு, "மாமி எனக்காகத்தான் ஏச்சு வாங்கினவ எண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிட்டியளே அப்பா" என்று அழுதாள். மருமகன் எழும்பி வெளியே போனார். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அச்சடியுங்கோ மாமா. கடை எங்கடை பேரிலை இருக்கு எண்டதையும் போடுங்கோ" என்றார்.

இரண்டாவது பூமணியின் வீடு. எழுதின கொப்பியைக் கொண்டு போனேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது என்று, மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைதான். இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். தன் கதையைத் தானே உரத்து வாசித்தாள். மணம் வரக்கூடாது என்று முதலாவதாகக் கும்பிட்ட இடத்தில் ஒருதரம் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே வாசித்தாள்.

வாசித்து முடிந்தது. நான் ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்தேன்.

"அண்ணை, உங்களை ஏச எனக்கு நிறைய இருக்கு. அது கிடக்கட்டும், பிறகு ஏசுறன்," என்றார். "உதை அண்டைக்குச் சொல்லியிருந்தால் அவ செத்த அண்டு நான் எழும்பி நிண்டிருப்பன். நான் இருந்தனான், அண்ணை. பாடை போக, தக்காளிப் பழம் அடுக்கிக்கொண்டு இருந்தனான்."

நான் கொப்பியைத் திருப்பி எடுத்து, அவர் அக்காவை ஏசின இடத்தை வெட்டிவிடுகிறேன் என்றேன். பேனையையும் எடுத்துவிட்டேன்.

"வெட்டாதேங்கோ. நான் பேசினது பேசினதுதான். அம்மா படலைக்கு வெளியிலை நிண்டதும் நிண்டதுதான். ஒண்டை வெட்டினால் மற்றதும் பொய் மாதிரிப் போகும். அப்பிடியே கிடக்கட்டும்."

அதனால் அப்படியே கிடக்கிறது.

அக்காவின் கடைசி மாதத்தில் கஞ்சி வடித்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், கால் கழுவி மருந்து கட்டிய தாதிப் பிள்ளைக்கும், கிரியைகளை முறையாக நடத்திய ஐயருக்கும், தூர தேசத்தில் இருந்து வந்தும் வராமலும் துக்கம் கேட்ட உறவினருக்கும், பிள்ளையார் படம் போட்ட அந்தப் பக்கத்தை ஐந்து வருடம் மறக்காமல் இருந்த அச்சகத்தாருக்கும் என் கும்பிடு. கிணறு பூட்டியபின்னும் அக்காவோடு கதைப்பதை நிறுத்தாத மூன்று வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருக்கின்றன. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆகையால் அக்காவின் பெயரால் சொல்கிறேன்.

ஆட்டைத் திவசத்தன்று கிணற்றடியில் ஒரு பலகை கட்டப்போகிறேன். தண்ணீர் ஏன் பழுதானது, ஆரால் பழுதானது என்று அதில் இருக்கும். தகரப் படலையையும் கழற்றுவேன். மூடியின் பூட்டு, கடதாசி நல்லதென்று வரும்வரை இருக்கும். அதற்கு எண்ணெய் விட்டு வருகிறேன்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கலியாண வீட்டிலோ செத்தவீட்டிலோ மாவடிச் சந்தைக் கிணற்றின் பேச்சு வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என்னில் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக் குறைக்க வேண்டாம். அக்காவில் பட்சம் மேலிட்டு ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், அவர் சாமி இல்லை, அவரும் பொன்னாடைப் பகிடி விட்டவர்தான். பூமணி பேசியதையும் விட வேண்டாம். கிணற்றைப் பழுதாக்கியவன் தம்பி. பூட்டியவர் அக்கா. அவர் பூட்டியபோது தம்பி தெருவுக்கு மற்றப் பக்கம் நின்றான். இந்த ஒழுங்கை மாற்றாமல் சொல்லுங்கள்.